பஞ்ச் கார்டில் இருந்து இண்டூர் வரை: கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு படிப்பான கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளும் திரும்பச் சொன்னவையும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை வழக்கமான பெங்களூரு ரூம்ல இருந்து ரெக்கார்ட் பண்ணல. ஊர்ல இருந்து பேசறேன். இண்டூர். தருமபுரியில இருந்து பென்னாகரம் போற ரோட்டுல இருக்கு. ஒகேனக்கல் டூர் போனவங்க நிறைய பேர் பஸ் ஜன்னல் வழியா எங்க ஊரைப் பார்த்திருப்பீங்க, பேர் கேட்டிருக்க மாட்டீங்க. பின்னாடி சேவல் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. அதுக்கு மியூட் பட்டன் இல்ல.

பொங்கல் லீவுக்கு வந்தேன். வந்த மறுநாள் காலையில எங்க சித்தப்பா திண்ணையில உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். அவர் பொண்ணு, எனக்குத் தங்கச்சி முறை, அரசுப் பள்ளியில பிளஸ் டூ படிக்குது. கணக்குல நல்ல மார்க். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுப்பேன்னு ஒத்தைக்கால்ல நிக்குது. சித்தப்பா கேட்டது இதுதான்: "ஏன் தம்பி, ஏஐ வந்துருச்சு, அதுவே எல்லா புரோகிராமும் எழுதிடுதுங்கறாங்க. இனிமே இதைப் படிச்சா சோறு கிடைக்குமா? நீ அந்த வேலையிலதானே இருக்க, நீயே சொல்லு."

நான் உடனே பதில் சொல்லல. "சாயங்காலம் பேசலாம் சித்தப்பா"ன்னு நழுவிட்டேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்கே தெரியல. எங்க டீம்லயே அந்தக் கேள்வி தினமும் ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா ஒண்ணு தோணிச்சு. இந்தப் படிப்பு எங்க இருந்து வந்துச்சு, எதுக்காக ஆரம்பிச்சாங்க, எத்தனை தடவை "இது முடிஞ்சது"ன்னு சொல்லியிருக்காங்கன்னு பார்த்தா, கேள்வியாவது கொஞ்சம் தெளிவாகும். அதான் இந்த எபிசோட்.

இந்தியா முழுக்கச் சொன்னா நேரம் போதாது. அதனால ஒரு இடத்தைப் பிடிச்சுக்கறேன்: சென்னை, சர்தார் பட்டேல் ரோடு. அந்த ஒரே ரோட்டுல ஐஐடி மெட்ராஸும் இருக்கு, கிண்டி பொறியியல் கல்லூரியைத் தனக்குள்ள வெச்சிருக்கற அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கு. தமிழ்நாட்டுல கம்ப்யூட்டர் சயின்ஸ் வளர்ந்த கதையில பாதி இந்த ரோட்டு மேலயே நடந்திருக்கு.

மெஷினுக்கு வரிசை

ஐஐடி மெட்ராஸ் 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோட தொடங்கின நிறுவனம். ஆரம்பத்துல சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல், மெட்டலர்ஜி. கம்ப்யூட்டர்னு ஒரு துறை அப்போ கிடையாது. எங்கயுமே பெரிசா கிடையாது. அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குன்னு தனித் துறை ஆரம்பிச்சதே 1962-ல்தான்.

இந்தியாவுல இந்த விஷயத்துல முதல் அடி வெச்சது கான்பூர் ஐஐடி. 1963-ல் அமெரிக்க உதவியில ஐபிஎம் 1620 அங்க வந்து இறங்கிச்சு. அங்க அந்த மெஷினைச் சுத்தி ஒரு பாடத்திட்டத்தையே கட்டினவர்கள்ல முக்கியமானவர் வி.ராஜாராமன். ஈரோட்டுல பிறந்தவர். 1965-ல் கம்ப்யூட்டர் சயின்ஸை ஒரு பிரிவா வெச்சு எம்.டெக் அங்க தொடங்குச்சு. பி.டெக் வர 1978 வரைக்கும் காத்திருந்தாங்க. இந்தத் தேதிகளை மனசுல வெச்சுக்கோங்க. முதல்ல மெஷின், அப்புறம் மேற்படிப்பு, கடைசியாத்தான் பிளஸ் டூ முடிச்சு வர்ற பசங்களுக்கான படிப்பு. நம்ம எல்லாருக்கும் பழக்கமான அந்த "சிஎஸ்இ பி.இ." இந்த வரிசையில கடைசிப் பிள்ளை.

சென்னைக்கு வருவோம். 1973. ஐஐடி மெட்ராஸ்ல ஐபிஎம் 370/155 வந்தது. ஜெர்மன் உதவித் திட்டத்துல வந்த மெஷின். அந்தக் காலத்துல நாட்டுலயே பெரிய கம்ப்யூட்டர்கள்ல ஒண்ணு. பெருசுன்னா எவ்வளவு பெருசு? அந்த மாடல்ல அதிகபட்சம் போடக்கூடிய மெயின் மெமரி 2 எம்பி. இன்னைக்கு நீங்க ஃபேமிலி குரூப்ல அனுப்பற ஒரு போட்டோ அதுக்குள்ள அடங்காம போகலாம். ஆனா மெஷினை வைக்க ஒரு தனிக் கட்டடம், ஓயாம ஓடற ஏசி, கவனிக்க ஆபரேட்டர்கள்.

அதே வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையும் தொடங்குச்சு. கான்பூர்ல இருந்து வந்த எச்.என்.மஹாபலா கம்ப்யூட்டர் சென்டரையும் துறையையும் வழிநடத்தினார். இன்னைக்கு ஐடி துறையில மூத்தவங்கன்னு நாம சொல்ற பல பேருக்கு அவர்தான் வாத்தியார்.

அப்போ ஒரு புரோகிராம் ஓட்டறது எப்படின்னு பார்ப்போம். இது முக்கியம். முதல்ல பேப்பர்ல ஃபோர்ட்ரான் எழுதணும். அப்புறம் பஞ்ச் மெஷின்ல ஒவ்வொரு வரிக்கும் ஒரு அட்டை. ஒரு அட்டையில 80 எழுத்துக்கு இடம் உண்டு. ஆனா ஃபோர்ட்ரான் வரிக்கு 72 வரைக்கும்தான். மிச்சம் எட்டு எதுக்குத் தெரியுமா? வரிசை எண் போட. ஏன்னா கட்டு கைதவறி கீழ விழுந்தா, முந்நூறு அட்டையையும் திரும்ப வரிசையா அடுக்கணுமே. நம்ம கிட் கமிட், வெர்ஷன் கன்ட்ரோல் எல்லாம் அந்த எட்டு எழுத்துக்குள்ள இருந்துச்சுன்னு வெச்சுக்கலாம்.

கட்டை ரப்பர் பேண்ட் போட்டு கவுன்ட்டர்ல கொடுக்கணும். மெஷின் ஒண்ணு, ஆள் ஆயிரம். உங்க முறை வர்றப்போ ஓட்டுவாங்க. பிரிண்ட் அவுட் பிறகு கிடைக்கும். ஒரு கமா விட்டிருந்தா, "எரர்"னு ஒத்தை வரி. திரும்ப ஒரு அட்டை பஞ்ச் பண்ணி, திரும்ப வரிசை.

அதனால அந்தக் காலத்து ஆட்கள் கொடுக்கறதுக்கு முன்னாடியே தலைக்குள்ள புரோகிராமை ஓட்டிப் பார்ப்பாங்க. வேற வழி இல்ல. மெஷின் நேரம் தங்கம், மனுஷ நேரம் மலிவு. இன்னைக்கு நிலைமை தலைகீழ். எனக்கு ஒரு கமா விட்டுப்போனா எடிட்டர் சிவப்புக் கோடு போடுது, அரை நொடியில.

இன்னொண்ணும் கவனிங்க. அந்த வரிசையில நின்னவங்கள்ல பெரும்பாலோர் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்கள் இல்ல. பாலம் கணக்குப் போடற சிவில்காரங்க, விமான இறக்கையைப் பத்தி ஆராயற ஏரோநாட்டிக்கல்காரங்க, பிசிக்ஸ்காரங்க. கம்ப்யூட்டர் அப்போ எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரு கருவி. ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி.

அப்படி பிசிக்ஸ்ல இருந்து வந்து இந்தப் பக்கம் விழுந்தவர்தான் கிரிஸ் கோபாலகிருஷ்ணன். 1977-ல் ஐஐடி மெட்ராஸ்ல எம்.எஸ்சி. பிசிக்ஸ், 1979-ல் அங்கயே கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எம்.டெக். 1981-ல் இன்ஃபோசிஸ் தொடங்கின ஏழு பேர்ல ஒருத்தர். அவர் கதை திரும்பவும் வரும், கடைசியில சொல்றேன்.

சீட்டுக்கு வரிசை

1977-78-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டே போயிடுச்சு. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கைக் குறைக்கணும்னு ஃபெரா சட்டம் சொல்லிச்சு. ஐபிஎம் ஒத்துக்கல. அவங்க விட்டுட்டுப் போன மெஷின்களைப் பராமரிக்கற பொறுப்பு அரசு நிறுவனமான சிஎம்சிக்கு வந்தது. யோசிச்சுப் பாருங்க, கம்பெனி கிளம்பிடுச்சு, மெஷின் மட்டும் இங்க இருக்கு. அப்போவும் "இந்தியாவுல கம்ப்யூட்டர் அவ்வளவுதான்"னு நினைச்சவங்க இருந்திருப்பாங்க. ஆனா நடந்தது வேற. மெஷினைத் தெரிஞ்ச ஆட்கள் இங்க இருந்தாங்க, அவங்க தேவை கூடுச்சு.

எவ்வளவு கூடுச்சுன்னா, 1980களின் தொடக்கத்துல ராஜாராமன் தலைமையிலான ஒரு குழு புதுசா ஒரு படிப்பையே பரிந்துரைச்சது: எம்சிஏ. இன்ஜினீயரிங் படிக்காத பி.எஸ்சி., பி.காம். பட்டதாரியும் கம்ப்யூட்டர் பக்கம் வரலாம். இன்னைக்கு எம்சிஏன்னா சாதாரணமா தோணும். அன்னைக்கு அது ஒரு கதவு. தமிழ்நாட்டுச் சின்ன ஊர்கள்ல இருந்த எத்தனையோ கலைக் கல்லூரிப் பசங்க அந்தக் கதவு வழியாத்தான் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனாங்க. எங்க ஊர்ப் பக்கமும் அப்படி ஒரு தலைமுறை உண்டு. "எம்சிஏ சார்"னு கூப்பிடுவாங்க, பேரே மறைஞ்சுடும்.

அதே காலத்துல சர்தார் பட்டேல் ரோட்டோட இன்னொரு கேட்டுல என்ன நடந்துச்சு? கிண்டிக் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியா ஆரம்பிச்சது. 1978-ல் கிண்டி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி எல்லாத்தையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவாச்சு. இந்தக் குரோம்பேட்டை எம்ஐடியில்தான் அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படிச்சாங்க. சுஜாதா பெங்களூரு பெல் நிறுவனத்துல வேலை பார்த்துக்கிட்டே, கம்ப்யூட்டர்னா என்னன்னு தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். யுனிவர்சிட்டிக்குள்ள போகாத லட்சம் பேருக்கு அதுதான் முதல் பாடம்.

1984 ஒரு திருப்பம். தமிழ்நாட்டுல தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்த வருஷம். தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்ததும் அதே வருஷம். ஒரு பக்கம் சீட் கூடுது, இன்னொரு பக்கம் வாசல்ல ஒரு பரீட்சை. கோச்சிங் கிடைச்ச டவுன் பசங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல. இண்டூர் மாதிரி ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு அது மலை. கிட்டத்தட்ட 22 வருஷம் அந்தத் தேர்வு இருந்துச்சு. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவோட பரிந்துரைக்கு அப்புறம், 2006-ல் சட்டம் போட்டு எடுத்தாங்க. பிளஸ் டூ மார்க் போதும்னு ஆச்சு.

அதே ஆனந்தகிருஷ்ணன்தான் 1999-ல் சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டை முன்னின்று நடத்தினவர்கள்ல ஒருத்தர். அந்த மாநாட்டுல இருந்து வந்ததுதான் தமிழ்99 கீபோர்டு. நான் இந்த எபிசோடுக்கு நோட்ஸ் எடுக்கறதும் அதுலதான்.

தேதிகளை வேகமா ஓட்டறேன். 1986-ல் எர்நெட் திட்டம், ஐந்து ஐஐடிகளும் அதுல சேர்ந்து முதல் இணைய இணைப்புகள். 1991-ல் தாராளமயம். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. அப்புறம் ஒய்டூகே. 2000 ஜூலையில தரமணி டைடல் பார்க் திறப்பு. இதுக்கு நடுவுல கல்லூரிகள் ஏறிக்கிட்டே போச்சு. உச்சத்துல தமிழ்நாட்டுல 500-க்கு மேல இன்ஜினீயரிங் கல்லூரி. 2001-ல் டாட்காம் சரிவு வந்தப்போ "சிஎஸ் முடிஞ்சது"ன்னாங்க. 2008-ல் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தப்போ திரும்பவும் சொன்னாங்க.

இங்க என் கதையைச் சொல்லிடறேன், ஏன்னா அந்தப் பயத்தோட வால்ல நானும் தொங்கினேன்.

2015-ல் கவுன்சலிங். இப்போ மாதிரி ஆன்லைன் கிடையாது, அது 2018-ல்தான் வந்தது. நானும் அப்பாவும் தருமபுரியில ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலை கோயம்பேட்டுல இறங்கி, பல்லு வெளக்கிட்டு நேரா கிண்டி. அப்பா கையில ஒரு மஞ்சப் பை, அதுக்குள்ள சர்டிஃபிகேட், முதல் பட்டதாரிச் சான்றிதழ், எலுமிச்சை சாதம். பெரிய திரையில கல்லூரி வாரியா, பிரிவு வாரியா காலி இடம் குறைஞ்சுக்கிட்டே வருது. அப்பா அதைப் பார்த்துட்டு, "மாட்டுச் சந்தையில கூட இவ்வளவு வேகமா விலை போகாதுடா"ன்னார்.

எங்க செட்டுல கிராக்கி மெக்கானிக்கலுக்குத்தான். எனக்கும் அதுதான் ஆசை. நான் கேட்ட கல்லூரியில என் முறை வர்றதுக்குள்ள மெக்கானிக்கல் காலி. "சிஎஸ்இ இருக்கு, எடுத்துக்கறியா?" எடுத்துக்கிட்டேன். என்னைப் பார்த்து தங்கச்சி "அண்ணா மாதிரி ஆகணும்"ங்குது. அண்ணன் ஆனது இப்படித்தான்.

கல்லூரி பேர் வேண்டாம். சீட் கிடைச்சது. லேப்ல மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நடுவுல உட்கார்றவன் டைப் பண்ணுவான், ரெண்டு பக்கமும் நாங்க ரெக்கார்ட் நோட் எழுதுவோம். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை நடத்தின மேடம் அந்த வருஷம்தான் தானே படிச்சு முடிச்சு வந்தவங்க. அவங்க மேல தப்பில்ல. அவங்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கல. நான் நிஜமா அந்தப் பாடத்தைக் கத்துக்கிட்டது ஹாஸ்டல்ல, அரசு கொடுத்த லேப்டாப்புல, என்பிடெல் வீடியோ பார்த்து. 2003-ல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து ஆரம்பிச்ச திட்டம் அது, அதுக்கு மையம் ஐஐடி மெட்ராஸ். அரசு லேப்டாப் திட்டம் 2011-ல் வந்தது. ரெண்டும் இல்லன்னா இன்னைக்கு இந்த மைக் முன்னாடி நான் இல்ல.

இப்போ எதுக்கு வரிசை?

இதை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. ஒவ்வொரு காலத்துலயும் இந்தப் படிப்புல ஏதோ ஒண்ணு அரிதா இருந்திருக்கு. வரிசை அதுக்குத்தான்.

1973-ல் மெஷின் அரிது. 1990கள்ல, 2000கள்ல சீட் அரிது. இப்போ மெஷின் எல்லார் பாக்கெட்லயும் இருக்கு. சீட்? ஒரு பிரிவுல இத்தனை பேர்தான் சேர்க்கலாம்னு இருந்த உச்சவரம்பை ஏஐசிடிஇ 2024-25-ல் எடுத்துடுச்சு. பல கல்லூரிகள் சிவில், மெக்கானிக்கலைக் குறைச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டின்னு போர்டு மாட்டுது. நான் ஏங்கின மெக்கானிக்கல் இன்னைக்கு ஆள் தேடுது.

வாசலும் அகலமாயிருக்கு. 2010-ல் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை. 2021-ல் தொழிற்படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு, கட்டணமும் அரசே கட்டும். எங்க மாவட்டத்துலயே செட்டிக்கரையில 2013-ல் அரசு பொறியியல் கல்லூரி வந்தாச்சு. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவு குறைஞ்ச மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். அந்த ஊர்ல இருந்து ஒரு பொண்ணு இன்னைக்கு ராத்திரி பஸ் ஏறாமலே சிஎஸ்இ படிக்கலாம். இது சின்ன விஷயம் இல்ல. வரலாற்றுல இதை ஒரு சாதனைன்னே எழுதணும்.

அப்போ இப்போ எது அரிது? என் பதில்: சொல்லிக்கொடுக்கற ஆள். பாடத்தை ஆழமா தெரிஞ்சு, பக்கத்துல உட்கார்ந்து "ஏன் இப்படி எழுதினே?"ன்னு கேட்கற ஆள். போர்டுல பேர் மாத்த ஒரு வாரம் போதும். ஒரு நல்ல வாத்தியார் உருவாக பத்து வருஷம் ஆகும். நல்லா படிச்சவங்களுக்கு கம்பெனி கொடுக்கற சம்பளத்தை கல்லூரி கொடுக்க முடியாது, அதனால அவங்க கல்லூரிக்கு வர்றதில்ல. நானும் போகலையே.

மொழியும் இதுல ஒண்ணு. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ் வழி இன்ஜினீயரிங் ஆரம்பிச்சப்போ சிவிலும் மெக்கானிக்கலும்தான் எடுத்தாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் அதுல இல்ல. காரணம் ஊகிக்கறது கஷ்டமில்ல, கம்பெனி இன்டர்வியூ ஆங்கிலத்துல. ஆனா ரிகர்ஷன் புரியறதுக்கு ஆங்கிலம் தேவையில்ல. என் ரூம்மேட் ஒருத்தன் அதை "கண்ணாடிக்கு முன்னாடி கண்ணாடி, ஆனா ஒரு இடத்துல நிக்கணும்"னு தமிழ்ல சொன்னப்போதான் எனக்கு விளங்குச்சு. செமஸ்டர் முழுக்க ஸ்லைடுல ஓடினது மண்டையில ஏறல.

ஐஐடி இப்போ என்ன பண்ணுது?

எதிர்காலம்னு பேசணும்னா திரும்ப சர்தார் பட்டேல் ரோட்டுக்குப் போகணும். நான் நாலு விஷயத்தைப் பார்க்கறேன்.

ஒண்ணு, சிப். வி.காமகோடி தலைமையில கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை ஆட்கள் ஷக்தின்னு ஒரு பிராசஸர் வடிவமைச்சாங்க. ரிஸ்க்-ஃபைவ்னு ஒரு திறந்த வடிவமைப்பு மேல கட்டினது. 2018-ல் அதுல லினக்ஸ் ஓடிச்சு. முதல்ல இன்டெல் ஆலையில தயாராச்சு, அப்புறம் சண்டிகர்ல நம்ம அரசு ஆலையிலயே ஒண்ணு செய்தாங்க. 1973-ல் மெஷின் இனாமா வந்து இறங்கின அதே வளாகம். 45 வருஷம் ஆச்சு.

ரெண்டு, மொழி. ஏஐ4பாரத்னு ஒரு குழு. 2022-ல் நிலேகனி மையமா விரிவாச்சு. 22 அட்டவணை மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு மாடல், பேச்சை எழுத்தாக்கற மாடல் எல்லாம் செய்து திறந்த முறையில வெளியிடறாங்க. அதுக்காக மாவட்டம் மாவட்டமாப் போய் மக்கள் பேசறதைப் பதிவு பண்றாங்க. எங்க சித்தப்பா பேசற தமிழ் ஒரு மெஷினுக்குப் புரியணும்னா, யாராவது இந்தத் திண்ணைக்கு வந்து உட்காரணும். அது கோடிங் மட்டும் இல்ல.

மூணு, வாசல். ஐஐடி மெட்ராஸ் பி.டெக் சிஎஸ்இ பொதுப் பிரிவுல முதல் 200 ரேங்குக்குள்ளயே சமீப வருஷங்கள்ல முடிஞ்சுடுது. ஆனா 2020-ல் அவங்களே டேட்டா சயின்ஸ்ல ஒரு ஆன்லைன் பட்டப்படிப்பு ஆரம்பிச்சாங்க. ஜேஇஇ தேவையில்ல. நாலு வாரம் பாடம் படிச்சு, தகுதித் தேர்வு எழுதி உள்ள வரலாம். பாடம் ஆன்லைன், பரீட்சை மட்டும் நேர்ல மையத்துக்குப் போய் எழுதணும். பாதியில நிறுத்தினாலும் அதுவரை படிச்சதுக்கு ஒரு சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும். உள்ள வர்றது சுலபம், தேறி வெளிய வர்றது உங்க உழைப்பு. பழைய முறை இதுக்கு நேர் எதிர்.

நாலு, கலப்பு. 2024-ல் டேட்டா சயின்ஸ், ஏஐக்குன்னு வாத்வானி பள்ளின்னு தனிப் பிரிவே தொடங்கினாங்க. இன்னொரு பக்கம் மூளை ஆராய்ச்சி மையம். கிரிஸ் கோபாலகிருஷ்ணன் கதை திரும்ப வரும்னு சொன்னேன்ல? அவர் நிதியில 2022-ல் தொடங்கின மையம் அது. கருவில இருக்கற குழந்தையோட மூளையை செல் அளவுக்குப் படம் பிடிச்சு, முப்பரிமாணத் தொகுப்பா 2024 கடைசியில வெளியிட்டாங்க. அவர் முன்னாடி அங்க நிறுவின ஆராய்ச்சி இருக்கைகள்ல ஒண்ணுக்குப் பேர், மஹாபலா. 1970கள்ல அட்டைக் கட்டோட வரிசையில நின்ன மாணவர், வாத்தியார் பேர்ல இருக்கை போட்டிருக்கார்.

இந்த நாலையும் பாருங்க. சிப் வேலைக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியணும். மொழி வேலைக்கு இலக்கணமும் மக்களும் தெரியணும். மூளைப் படத்துக்கு உயிரியல். 1973-ல் எல்லாத் துறைக்காரங்களும் பொதுக் கிணத்துக்கு வந்தாங்க. அப்புறம் நாம கிணத்தைச் சுத்திச் சுவர் வெச்சு, இது எங்க துறை, எங்க பிளேஸ்மென்ட்னு அம்பது வருஷம் இருந்தோம். இப்போ தண்ணி திரும்ப எல்லார் வயலுக்கும் போகுது. கம்ப்யூட்டர் சயின்ஸ் அழியப் போகுதுன்னு எனக்குத் தோணல. தனியா நிக்கற காலம் முடியுதுன்னு தோணுது.

கோடு எழுதறது மலிவாகுது, அது உண்மை. என் வேலையிலயே போன வருஷம் நான் ரெண்டு நாள் எழுதினதை இப்போ மெஷின் பத்து நிமிஷத்துல தருது. ஆனா அது தந்தது சரியான்னு பார்க்க, எனக்கு அந்த பஞ்ச் கார்டு ஆளோட திறமை தேவைப்படுது. ஓட்டறதுக்கு முன்னாடி தலைக்குள்ள ஓட்டிப் பார்க்கற திறமை. மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் நோட் காப்பி அடிச்சு அது வராது. நாலு வருஷம் வெறும் டூல் கத்துக்கொடுக்கற கல்லூரியில இருந்து வர்றவங்களுக்கு நிலைமை நிஜமாவே கஷ்டம். அதை நான் சர்க்கரை தடவிச் சொல்ல மாட்டேன். அடிபடப் போறது பெரும்பாலும் முதல் பட்டதாரிகள். அதான் எனக்குக் கவலை. வாசல் திறந்த நேரத்துல உள்ள வந்தவங்களுக்கு, உள்ளே ஆள் இல்லன்னா?

திண்ணைக்குத் திரும்ப

சாயங்காலம் ஆச்சு. சித்தப்பா திரும்ப உட்கார்ந்தார். தங்கச்சி கதவு ஓரமா நின்னு காது கொடுத்துச்சு. நான் சொன்னது இது.

"படிக்கட்டும் சித்தப்பா. ஆனா பிரிவுப் பேரைப் பார்த்து கல்லூரி எடுக்க வேண்டாம். நேர்ல போய் மூணு கேள்வி கேளுங்க. லேப்ல ஒரு ஆளுக்கு ஒரு மெஷின் இருக்கா? இந்தத் துறையில அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கற வாத்தியார் எத்தனை பேர்? மூணாவது வருஷம் படிக்கற பசங்க தாங்களே செய்த ஏதாவது ஒண்ணைக் காட்டுவாங்களா? மூணுக்கும் பதில் சொல்லத் தயங்கினா, கட்டடம் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் வண்டியைத் திருப்புங்க. செட்டிக்கரையையும் இதே கேள்வியோட பாருங்க, பெங்களூரு ரோட்டு மேல இருக்கறதையும் இதே கேள்வியோட பாருங்க."

தங்கச்சி கேட்டுச்சு: "சரிண்ணா, வேலை கிடைக்குமா?"

"தெரியாது"ன்னேன். "எனக்கும் அன்னைக்குத் தெரியாது. ஆனா கணக்கு உனக்குப் பிடிக்கும்ல? அதை விடாதே. அப்புறம் வேற ஒரு விஷயத்தையும் நல்லா தெரிஞ்சு வெச்சுக்கோ. பயிரோ, நோயோ, பாட்டோ, எதுவா இருந்தாலும் சரி. கம்ப்யூட்டர் மட்டும் தெரிஞ்சா பத்தாது."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மரவள்ளிக்கு மாவுப்பூச்சி வருது, இலையைப் பார்த்தே முன்னாடி சொல்ல உன் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"ன்னார்.

"தெரியவைக்கலாம் சித்தப்பா. இலையை உங்களைவிட நல்லா தெரிஞ்ச ஆள் கூட உட்காரணும்."

"அப்போ இவளே உட்காரட்டும்"னு எழுந்து போயிட்டார். அதை சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்.

ஒரு விஷயம் எனக்காகவும் முடிவு பண்ணியிருக்கேன். மாசத்துல ஒரு சனிக்கிழமை ஊருக்கு வர்றேன். எங்க தெருவுல பிளஸ் டூ முடிச்சவங்க, காலேஜ் போறவங்க யாராவது இருந்தா, லேப்டாப்போட இந்தத் திண்ணைக்கு வரலாம். பெரிய திட்டம் ஒண்ணும் இல்ல. வாத்தியார் அரிதுன்னு ஒரு மணி நேரம் பேசிட்டு சும்மா பெங்களூரு பஸ் ஏற மனசு வரல, அவ்வளவுதான். நீங்களும் இந்தத் துறையில இருந்தா, உங்க ஊர்ல ஒரு திண்ணை இருக்கும். யோசிச்சுப் பாருங்க.

சேவலுக்கும் நன்றி.